டைப் அடிக்கும் முன் பத்து நிமிஷம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சூடு ஏறினால் பேப்பரைக் கடித்துத் துப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று. பதினாலு வருஷமாகப் பட்டா மனு, வாடகை ஒப்பந்தம், காதுகுத்துப் பத்திரிகை என்று எல்லாம் அடிக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் கடை முழுக்கப் பிள்ளைகள்தான். ரிசல்ட் வருவதற்கு முன்பே வந்துவிடுவார்கள்.

"அக்கா, ஒரு ரெஸ்யூம் வேணும். என் ஃப்ரெண்டோடது வாட்ஸ்அப்ல இருக்கு. பேர மட்டும் மாத்திக் கொடுத்துடுங்க."

பேரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வேலையை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. காரணம் என் சொந்த அனுபவம். டிகிரி முடித்த கையோடு நானும் ஒரு டைப்பிங் சென்டரில் யாருடையதோ பயோடேட்டாவில் என் பேரைப் போட்டு வாங்கிக்கொண்டேன். இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் கடைசி வரியில் விரல் வைத்து, "ஏம்மா, மேல கடலூர்னு இருக்கு, கீழ இடம் சேலம்னு இருக்கு. உறுதிமொழி கொடுக்க சேலம் வரைக்கும் போனியா?" என்றார். அதற்குக் கீழே என் கையெழுத்து வேறு. பக்கத்திலிருந்தவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் டைம் ஆபீசில், அதாவது ஆட்களின் வருகைக் கணக்கு பார்க்கும் இடத்தில், ஆறு வருஷம் இருந்தேன். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் வாங்கி வைக்கும் பயோடேட்டாக்கள் வாரத்துக்கொரு தரம் ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜைக்கு வரும். மேலே போவதற்கு முன் நான் பிரிக்க வேண்டும். கூப்பிடலாம், இருக்கட்டும், வேண்டாம் என்று மூன்று கட்டு. ஒரு தாளுக்கு அரை நிமிஷம் கொடுத்திருந்தாலே அதிகம். டீ வருவதற்குள் முடித்துவிடப் பார்ப்பேன். நான் மோசமானவள் என்பதால் இல்லை, பஞ்சிங் கார்டு கணக்கும் பி.எஃப். படிவமும் அதே மேஜையில்தான் கிடந்தன. நீங்கள் எழுதுவதைப் படிக்கப் போகிறவரும் அநேகமாக அப்படி ஒருவர்தான். அவரை மனதில் வைத்துத்தான் மேற்கொண்டு சொல்கிறேன்.

அந்த அரை நிமிஷத்தில் நான் தேடியது நாலே விஷயம். என்ன படிப்பு, எந்த வேலை கேட்கிறார், கையால் எதையாவது செய்திருக்கிறாரா, எந்த ஊர். ஊர் எதற்கு என்றால் ஷிப்ட் பஸ்ஸுக்காக. காலை ஆறு மணி ஷிப்டுக்கு எங்கள் கம்பெனி பஸ் பண்ருட்டி வரை போகும், விருத்தாசலம் பக்கம் போகாது. கதவு எண், தெரு, அஞ்சல், வட்டம் என்று ஐந்து வரிக்கு முகவரி எழுதியிருப்பார்கள், அதற்குள் ஊரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஊர், தாலுகா, பின்கோடு என்று ஒரே வரியில் முடியுங்கள். ஷிப்டுக்கு வர முடியும் என்றால் அதையும் மேலேயே சொல்லிவிடுங்கள். தங்கி வேலை பார்க்கத் தயார் என்றால் அதையும்.

"வேண்டாம்" கட்டு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் ரஃப் பேப்பர் ஆனது. நானே அதில் கேன்டீன் டீக்கணக்கு எழுதியிருக்கிறேன். திருப்பினால் முன்பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் ஆதார் எண், அப்பா பெயர், சாதி, பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். அதனால் ஆதார், பான் எண்களை ரெஸ்யூமில் எழுதவே எழுதாதீர்கள். சாதி, மதம், கல்யாணம் ஆனதா இல்லையா, அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் பழைய பயோடேட்டா பழக்கம். வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி கேட்டால் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

பேச வைப்பது

இப்போது என் கடையில் நடைமுறை வேறு. ரெஸ்யூம் என்று வந்தால் முதலில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவேன். பத்து நிமிஷம் பேசணும், அப்புறம்தான் கீபோர்டு. "என்ன தெரியும் உனக்கு?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "ஒண்ணுமில்லக்கா, நான் ஃப்ரெஷர்." ஆகவே அப்படிக் கேட்பதில்லை. "லீவுல இன்னா பண்ண? காலைல எத்தனை மணிக்கு எழுந்துக்குவ? வீட்டுல கடை, நிலம், படகு ஏதாவது உண்டா?" என்று கேட்பேன். அப்போது வரும்.

போன வருஷம் ரெட்டிச்சாவடி பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். இரண்டு கோடை லீவிலும் புதுச்சேரியில் ஒரு பெயின்ட் கடையில் இருந்திருக்கிறாள். "சும்மா பில்லு போட்டேன்க்கா, அத எழுதணுமா?" என்றாள். என்ன பில் என்று கிண்டினேன். அந்தக் கடை இருப்பது புதுச்சேரியில், சரக்கு பாதிக்கு மேல் கடலூருக்கு வருகிறது. பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தூரம்தான், ஆனால் வரிக்கணக்கில் அது மாநிலம் தாண்டிய விற்பனை. வாங்குகிற வியாபாரியின் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. கடலூருக்கு அனுப்பும் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். உள்ளூருக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரியும். மாற்றிப் போட்டால் முதலாளி மாசக் கடைசியில் கத்துவார். இதையெல்லாம் அவள் எனக்கு வகுப்பு எடுப்பது மாதிரி மளமளவென்று சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அதான்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள்!

அவள் கொண்டுவந்த தாளில் இருந்தது "கம்ப்யூட்டர் நாலெட்ஜ், டேலி" என்ற மூன்று வார்த்தை. டேலி என்பது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். நாங்கள் எழுதியது இது: புதுச்சேரியில் பெயின்ட் மொத்த விற்பனைக் கடையில் இரண்டு கோடை விடுமுறைகளில் பில்லிங், தினமும் 40 முதல் 50 பில், மாநிலத்துக்குள், மாநிலம் தாண்டி என இருவகை ஜி.எஸ்.டி. பில்களும் டேலியில் பதிவு. மாதக் கடைசியில் கையிருப்புச் சரக்கைக் கணக்கோடு ஒப்பிட்டது. நாலு வரி. பொய் ஒன்றுமில்லை, அவள் செய்ததுதான். எல்லையோரம் பிறந்ததால் தெரிந்துகொண்ட விஷயத்தை அவள் அறிவாகவே நினைக்கவில்லை.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொருத்தியும் அப்படியே. பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு உணவுப் பொருள் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க வந்தாள். வீட்டில் முந்திரி உடைக்கும் கொட்டகை. சின்ன வயசிலிருந்து பருப்பு தரம் பிரிக்கிறாள். "அது வீட்டு வேலைதானேக்கா" என்கிறாள். டபிள்யூ 240 தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 220 முதல் 240 முழுப் பருப்பு நிற்க வேண்டும். டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. கையில் அள்ளினாலே இவளுக்குத் தெரிகிறது. முழுசு, பாதி, குருணை, கருகியது, பூச்சி அரித்தது என்று ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பிரிப்பாய் என்று கேட்டு அதையும் எழுதினோம். இது தரக் கட்டுப்பாடு இல்லையென்றால் வேறு எது?

தாழங்குடாவிலிருந்து ஒரு பையன் வந்தான். பி.ஏ. வரலாறு. அப்பா கடலுக்குப் போகிறவர். துறைமுகத்தில் காலையில் மீன் ஏலத்தில் எடையும் விலையும் நோட்டில் எழுதுவான், யார் எவ்வளவு பாக்கி என்பதும் அவன் கையில்தான். ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்குத்தான் விண்ணப்பம். ஆனால் ஏலக் கணக்கை எழுதவே கூடாது என்று ஒரே பிடிவாதம். "மீன் நாத்தம் அடிக்கும்க்கா பேப்பர்ல" என்று அவனே சிரித்தான். நான் டைம் ஆபீசில் இருந்தபோது ஸ்டோர்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டதெல்லாம் எடை சரியாக எழுதத் தெரியாத பையன்களைப் பார்த்துத்தான். விடியற்காலையில், சத்தத்துக்கு நடுவில், காசு புழங்கும் இடத்தில் நாலு வருஷம் கணக்குத் தவறாமல் எழுதியவன் என்றால் அந்த மனுஷர் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். கடைசியில் எழுதினோம். அவன் மனசில்லாமல்தான் சரி என்றான்.

உங்களுக்கு இப்படிக் கேட்க ஆள் இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம், ஆங்கிலத்தில் யோசிக்க ஆரம்பித்தால் ஃப்ரெண்ட் ரெஸ்யூமில் பார்த்த வார்த்தைகள்தான் வரும். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு, எந்தக் கருவியை வைத்து, தப்பாகப் போனால் என்ன ஆகும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்றால் "லேத் தெரியும்" என்பதோடு நிற்காதீர்கள். வெர்னியர் வைத்து அளந்தீர்களா, மைக்ரோமீட்டரா? பம்பில் கிளாண்ட் பேக்கிங் மாற்றியிருக்கிறீர்களா? அதை எழுதினால் மெயின்டனன்ஸ் ஆள் கண்ணில் பட்டுவிடும். பி.எஸ்சி. வேதியியல் என்றால் டைட்ரேஷன், பி.எச். மீட்டர், சால்ட் அனாலிசிஸ் என்று லேபில் கை வைத்ததைச் சொல்லுங்கள். கல்லூரியில் "நான் முதல்வன்" திட்டத்தில் படித்திருந்தால் பாடத்தின் பெயரோடு எழுதுங்கள், திட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் என்ன படித்தீர்கள் என்பது புரியாது. 1961-ஆம் வருஷச் சட்டப்படி நடக்கும் அப்ரண்டிஸ் பயிற்சி, நெய்வேலி என்.எல்.சி.யிலோ வேறு எங்கோ முடித்திருந்தால், அதைப் படிப்புப் பகுதியில் ஒளித்து வைக்காமல் அனுபவம் என்ற தலைப்பிலேயே போடலாம். கம்பெனிக்குள் இருந்து செய்த வேலைதானே அது.

அப்புறம் அந்தத் தமிழ் வரிகளைச் சின்னச் சின்ன ஆங்கில வரிகளாக மாற்றிக்கொள்ளுங்கள். வரிக்கு வரி "ஐ" போட்டு ஆரம்பிக்க வேண்டாம், செய்த வேலையைச் சொல்லும் வினைச்சொல்லில் ஆரம்பித்தால் போதும். பெரிய வார்த்தை தேடாதீர்கள். இன்டர்வியூவில் அந்த வார்த்தையை நீங்கள் வாயால் சொல்ல வேண்டி வரும்.

மேலே வைக்கும் இரண்டு வரி

"சவாலான பதவி ஒன்றில் என் திறமைகளை நிறுவனத்தின் வளர்ச்சிக்கு..." என்று போகும் அந்த ஆப்ஜெக்டிவ் பத்தியை என் கை தூக்கத்தில்கூட அடிக்கும். சிப்காட்டில் வந்த கட்டில் பாதித் தாள்களில் அது ஒரே மாதிரி இருந்தது, எழுத்துப்பிழை உட்பட. அதை எடுத்துவிட்டு, இன்ன படிப்பு முடித்தவர், இன்ன வேலைக்கு விண்ணப்பிக்கிறார், எப்போதிலிருந்து சேர முடியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். விளம்பரத்தில் "கெமிஸ்ட்" என்று கேட்டிருந்தால் "கெமிஸ்ட்" என்றே எழுதுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்த இரண்டு வரி மாற வேண்டும், கீழே பாதி அப்படியே இருக்கலாம்.

ஹார்ட் வொர்க்கிங், ஹானஸ்ட், பங்க்சுவல் மூன்றும் வேண்டாம். சோம்பேறி, திருடன், லேட்டாக வருகிறவன் என்று இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஹாபி எழுதினால் அதைப் பற்றிக் கேட்பார்கள். "ரீடிங் புக்ஸ்" என்று போட்டுவிட்டு, கடைசியாகப் படித்த புத்தகம் எது என்றதும் விழித்த பிள்ளைகளை டைம் ஆபீஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். கபடியில் மாவட்ட அளவில் ஆடியிருந்தால் எழுதுங்கள், அது ஹாபி இல்லை.

பேர், நம்பர், மெயில்

பேர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது போல, எழுத்துக்கு எழுத்து. இனிஷியல் முன்னால் என்றால் முன்னால். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தப் போய் நில்லுங்கள். வேலையில் சேர்ந்ததும் பி.எஃப். எண் எடுக்க ஆதார்ப் பேர்தான் பார்ப்பார்கள். இனிஷியல் விரித்து எழுதினதால் மாட்டிக்கொண்டவர்களின் படிவம் என் டிராயரில் தனிக் கட்டாகவே இருந்தது.

மெயில் விஷயத்தில் நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். கடை ஆரம்பித்த புதுசில் மெயில் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கடை மெயிலையே போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லி. நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை. அவளிடம் போன் போட்டுச் சொன்னபோது அவள் திட்டவில்லை, "பரவாயில்லக்கா" என்றாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். உங்கள் போனில், உங்கள் பேரில், நீங்களே ஒரு மெயில் திறந்து பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். தல, ஏஞ்சல், கிங் எல்லாம் ஃப்ரெண்ட்ஸ் வட்டத்தோடு இருக்கட்டும். அப்பா நம்பரை இரண்டாவதாகக் கொடுத்தால் "கம்பெனியிலிருந்து கூப்பிடுவாங்க" என்று அவரிடம் சொல்லி வையுங்கள், தெரியாத நம்பர் என்று கட் செய்துவிடுவார்.

மறைக்க நினைப்பவை

அரியர் இருந்தால், எத்தனை, எப்போது எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி. சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிந்தே தீரும். 6.8 என்றால் 6.8 தான், 7 இல்லை. பல்கலைக்கழகப் பேரை உங்கள் சான்றிதழில் அச்சாகியிருப்பது போல எழுதுங்கள். நம் மாவட்டக் கல்லூரிகளில் முன்பு சேர்ந்தவர்களுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், இப்போது சேர்பவர்களுக்கு அண்ணாமலை. கல்லூரிப் பேரை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகப் பேரை மட்டும் போட்டால் சிதம்பரத்திலேயே படித்த மாதிரி தோன்றும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். படிக்கிறவரும் இந்த ஊர்க்காரர்தான்.

டேலி "நன்றாகத் தெரியும்" என்று எழுதிய ஒரு பையனிடம் எங்கள் அக்கவுன்ட்ஸ் சார் கேட்டது ஒரே கேள்வி: "எஃப் 7 அழுத்தினா என்ன வரும்?" ஜர்னல் வவுச்சர். பையன் பேன்ட்டைத் தடவிக்கொண்டே நின்றான். மூன்று நாள் கற்றுக்கொண்டதை "அடிப்படை தெரியும்" என்று எழுதினால் யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

இரண்டு வருஷம் குரூப் 4-க்குப் படித்தேன், கிடைக்கவில்லை என்பதை எழுத வெட்கப்படுகிறார்கள். இந்த மாவட்டத்தில் எந்தத் தெருவில் அப்படி ஒருத்தர் இல்லை? வருஷத்தைப் போட்டு எழுதுங்கள். அந்தச் சமயத்தில் டைப்ரைட்டிங் முடித்திருந்தால் லோயரா ஹையரா, தமிழா ஆங்கிலமா என்று தெளிவாக. ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. ஆபீஸ் வேலைக்கு அது டிகிரிக்கு அடுத்தபடி. கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்திருந்தால் "குடும்பப் பொறுப்பு" என்று இரண்டே வார்த்தை, அதற்கு மேல் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை நீங்கள்.

தாளும் ஃபைலும்

புதுசாக வேலை தேடுகிறவருக்கு ஒரு பக்கம் போதும். படிப்பில் கடைசியாக முடித்தது மேலே, பத்தாம் வகுப்பு கீழே. ரோஜாப்பூ பார்டர் போடச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள், நான் போடுவதில்லை. கேட்டில் நேராகக் கொடுப்பதற்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ ஒட்டலாம், ஆன்லைனில் கேட்டால் மட்டும்.

அழகான டிசைன் என்று போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் செய்து தருகிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அது எழுத்து இல்லை, படம். பெரிய கம்பெனிகளின் இணையதளத்தில் ஏற்றினால் மெஷினால் படிக்க முடியாமல் போகலாம். ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் பி.டி.எஃப்.பை போனில் திறந்து எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டி அனுப்பிப் பாருங்கள். வரிசையாகப் படிக்கிற மாதிரி வந்தால் சரி. வராவிட்டால், அல்லது இடது கட்டமும் வலது கட்டமும் கலந்து குழம்பி வந்தால், கட்டங்களை எடுத்துவிட்டு வேர்டில் புதிதாக அடியுங்கள். ஃபைலுக்கு "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2" என்று பேர் வைக்காமல் உங்கள் பேரையும் வேலையின் பேரையும் வையுங்கள்.

தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு இலவசம். வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால் பத்துப் பிரதி எடுத்துப் போங்கள், ஐந்து போதும் என்று வந்தவர்கள் முகாம் வாசலில் ஜெராக்ஸ் கடை தேடி அலைவார்கள். ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டிரெய்னிங் என்று எந்தப் பேரில் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அனுப்பியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, கம்பெனி, என்ன வேலை, மேலே எந்த இரண்டு வரி. மூன்று வாரம் கழித்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போன் வரும், "எந்த கம்பெனிங்க?" என்று நீங்கள் திருப்பிக் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, கடைக்காரியாகச் சொல்கிறேன். பென் டிரைவ் கொண்டுவராதீர்கள், பத்தில் ஆறு வைரஸோடுதான் வருகிறது. பிரிண்ட் எடுத்ததும் உங்கள் மெயிலை லாக் அவுட் செய்யுங்கள், டவுன்லோடில் கிடக்கும் ஃபைலை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். தப்பாக வந்த பிரிண்டை மேஜையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள். என் கடையிலும்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.